இரண்டு சொட்டு மனிதப் புரதம்

எங்கள் துறைத் தலைவர் ஒன்பது மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். திரும்பிவந்து பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவர் பேச்சில் அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு இடமே கிடையாது. "நான் அங்க இருந்தப்போ" என்றுதான் வாயைத் திறப்பார். அங்கே டீ ஆறாது, மாணவர்கள் தாமதமாக வரமாட்டார்கள், சாக்பீஸ் உடையாது. அவர் அங்கே என்ன ஆராய்ச்சி செய்தார் என்பதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். உயிர்வேதியியல். வீடு தச்சநல்லூர். இரண்டு பஸ் மாறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தினமும் ஒன்பது மணிக்குக் கல்லூரியில் இருப்பேன். ஆய்வகம் என்று எங்களுக்கு இருந்தது ஒரு நீண்ட அறை. நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி ஒன்று, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று, ஒரு குளிர்பெட்டி. குளிர்பெட்டியின் மேல்தட்டில் ரசாயனங்கள், கீழ்த்தட்டில் தலைமை எழுத்தரின் தயிர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைக்க ஓர் அக்கா இருந்தார். அறையில் தன் வேலை என்ன என்று தெளிவாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் மூன்று வருடம் துறைத் தலைவருக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைக்கவில்லை. நான் அவருடைய இளங்கலை வகுப்புகளை எடுத்தேன், விடைத்தாள் திருத்தினேன், அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலாம் வருடம் பணம் கிடைத்தது. என்ன ஆராய்ச்சி என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாமல் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. ஓரிடத்தில் செய்த பொருளைச் சவ்வால் ஆன குட்டிப் பைகள் சுமந்துபோய், இன்னோர் இடத்துச் சவ்வோடு ஒட்டி, உள்ளே கொட்டிவிடும். ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கத்துப் புரதங்களும் கயிறுபோல ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைப் பிரித்துவிட்டால்தான் அடுத்த நடைக்கு ஆகும். பிரித்துவிடுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைத்து, அந்த ஆற்றலில் அது வேலை செய்கிறது. உடைக்கும்போது பாஸ்பேட் வெளியே வரும். வருகிற பாஸ்பேட்டில் இரண்டு மருந்துகளைச் சேர்த்தால் நீல நிறம் கிடைக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, புரதம் அவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கல்லூரிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடக்கூடிய சோதனைதான்.

மணிமுத்தாற்றுப் பக்கம் விளையும் ஒரு பச்சிலையின் சாறு இந்தப் புரதத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது துறைத் தலைவரின் திட்டம். ஏன் அந்த இலை என்று கேட்டேன். அபூர்வ மூலிகை என்றார். மாஞ்சோலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்தில் அது சாக்கடையோரமாக இடுப்பளவுக்கு வளர்ந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புரதத்தை அவருடைய பழைய வெளிநாட்டு ஆய்வகம் இலவசமாக அனுப்ப ஒப்புக்கொண்டது. அங்கே தலைமையில் இருந்த பெண் விஞ்ஞானி பெரிய மனதுக்காரர். மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அந்தப் பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்து, உடைத்து, வடித்து எடுத்த புரதம் அது. எந்த மனிதரும் அதற்காக ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தவில்லை. பெட்டிமேல் ஒட்டிய சீட்டிலும் அவர்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்: ஆய்வுக்கு மட்டும், நோய் பரப்பாதது, பாக்டீரியாவில் செய்தது.

துறைத் தலைவருக்கு அது போதவில்லை. பாக்டீரியாவில் செய்தது என்பதில் என்ன பெருமை இருக்கிறது? சரக்கை விடுவிக்கும் மெட்ராஸ் சுங்க அலுவலகத்துக்கு அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். 'அரிய மனிதப் பொருள்' என்று எழுதி, 'மனித' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அந்த இரண்டு கோட்டுக்கும் சேர்த்துப் பதில் வந்தது. எந்த மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டது, அவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் சம்மதக் கடிதம் எங்கே, இல்லாவிட்டால் வாரிசுகளின் சம்மதம் எங்கே என்று மெட்ராஸிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். பெட்டி கிடங்கில் இருந்தது. உள்ளே உலர்பனிக்கட்டி காற்றோடு காற்றாகக் கரைந்துகொண்டிருந்தது. இவர் பாக்டீரியாவுக்கு வாரிசு கிடையாது என்று விளக்கி நாலு பக்கம் எழுதினார். பதினோரு நாள் போயிற்று.

கடைசியில் கல்லூரி முத்திரை வைத்த ஒரு தாளோடு என்னை ரயிலேற்றிவிட்டார்கள். அலுவலகத்தில் என் கையில் கொடுத்த பெட்டி காலி டப்பா மாதிரி எடை இல்லாமல் இருந்தது. அங்கேயே திறந்து பார்த்தேன். உலர்பனிக்கட்டி ஒரு துண்டுகூட மிச்சமில்லை. உள்ளே கையை விட்டால் கதகதப்பாக இருந்தது. பஞ்சுக்கு நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய். அதன் அடியில் இரண்டு சொட்டு. நல்ல புரதக் கரைசல் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். இதில் திரிந்த பாலில் மிதக்குமே, அதுபோல வெள்ளை இழைகள் மிதந்தன. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து துறைத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"சார், ஐஸ் எல்லாம் போயிட்டு. புரதம் திரிஞ்சிருக்கு."

"நீ அதத் தொறந்து பாத்தியா?"

"பாத்தேன் சார். வெதுவெதுன்னு இருக்கு."

பிறகு சொன்னார்: "சாதா ஐஸ் வாங்கிப் போட்டு மூடிக் கொண்டாம்மா. யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாத. வெள்ளிக்கிழமை விழா. பத்திரிகை அடிச்சாச்சு."

அவர் பத்திரிகை என்றது அழைப்பிதழை. ஒரு புரதத்துக்கு வரவேற்பு விழா என்று உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கல்லூரியில் நடந்தது. குளிர்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். தலைமை எழுத்தரின் தயிரை அன்று ஒருநாள் வெளியேற்றினார்கள். குழாயை ஒரு வெள்ளித் தட்டில், ரோஜா இதழ்களுக்கு நடுவில் நிறுத்தி மேடையில் வைத்தார்கள். ஐஸ் வைத்தால் தட்டில் தண்ணீர் நிற்கும், போட்டோவில் நன்றாக இருக்காது என்று வைக்கவில்லை. ஏற்கெனவே செத்ததை இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் மறுபடியும் சாகடித்தார்கள்.

கல்லூரி நிர்வாகச் செயலாளர் குத்துவிளக்கு ஏற்றினார். எண்ணெய் மண்டி வைத்திருந்தவர்; ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஏற்றிவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். ரெண்டு சொட்டுல்லா இருக்கு என்றார். பிறகு, இது எந்த ஊர் ஆளோடது என்று கேட்டார். துறைத் தலைவர் அந்த வெளிநாட்டின் பெயரைச் சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்துத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் எழுந்து, இந்தப் புரதத்தைச் சித்தர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள் என்று பத்து நிமிடம் பேசினார். பாதியில் மேடையோரம் வந்து குனிந்து, அதன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் 'மனிதப் புரதம் வந்தது' என்று படத்தோடு செய்தி வந்தது. வெள்ளித் தட்டு தெரிந்தது, ரோஜா தெரிந்தது, குழாய் தெரியவில்லை. அம்மா அதைப் படித்துவிட்டு என்னை அடுக்களை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏட்டி, மனுசக் கறியவா தொட்டுட்டு வார?"

எங்கள் வீடு முட்டைகூட நுழையாத வீடு. மனிதரிடமிருந்து எடுத்ததில்லை, ஒரு கிருமி செய்துகொடுத்தது என்று பொறுமையாகச் சொன்னேன். அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள். கிருமி என்பது அவளுக்கு இன்னும் மோசமாகப் பட்டது. அதற்குப் பிறகு கல்லூரியிலிருந்து வந்ததும் நேரே குளியலறைக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமாயிற்று. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் அந்தப் புரதத்தைப் பற்றி என்னிடம் உண்மையான சந்தேகத்தோடு கேள்வி கேட்டவள் அம்மா மட்டும்தான்.

சோதனையைத் தொடங்கினேன். கண்ணாடிக் குழாய்களை அமிலத்தில் ஊறவைத்து, வடித்த தண்ணீரில் ஆறு முறை அலசி எடுத்தேன். ஒரு குழாயில் புரதம் போட்டேன். இன்னொன்றில் புரதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இரண்டும் தண்ணீர்போல நிறமில்லாமலேயே நின்றன. மறுநாளும் அப்படியே. ஆறு வாரம் அப்படியே. துறைத் தலைவர் வந்து எட்டிப் பார்ப்பார். "ஒனக்குக் கை சரியில்லம்மா" என்பார். அங்கே இருந்தபோது அவர் கை பட்டாலே நீலம் வருமாம்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. துறைத் தலைவர். நீலம் வந்துவிட்டது என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அழுதிருப்பார் என்றுகூடத் தோன்றியது. எனக்கும் ஒரு நிமிடம் நம்பத்தான் ஆசையாக இருந்தது.

மறுநாள் போனதும் ஒப்பீட்டுக் குழாய் எங்கே என்று கேட்டேன். அதைப் போடவில்லை, எதற்கு என்றார். எந்தக் குழாயில் செய்தீர்கள் என்றேன். அலமாரியில் இருந்ததை எடுத்தேன் என்றார். அலமாரியில் இருந்தவை அக்கா கழுவியவை. அமிலம் தீர்ந்துபோய் மூன்று மாதமாகியிருந்தது; நான் மட்டும் ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஒளித்துவைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். வாங்கித் தரச்சொல்லி அக்கா இரண்டு தடவை எழுதிக்கொடுத்தும் துறைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. சலவை சோப்புத்தூளுக்குப் போட்டார். துணி துவைக்கிற அந்தத் தூளில் பாஸ்பேட் இருக்கிறது. சரியாக அலசாத குழாயில் அதன் மிச்சம் இருக்கும். நீலத்துக்கு அது போதும்.

அக்கா கழுவிய குழாய்கள் இரண்டை எடுத்து அவர் கண்முன்னே செய்தேன். புரதம் போட்டதும் நீலமாயிற்று. போடாததும் நீலமாயிற்று. போடாதது ஒரு பங்கு கூடவே.

அவர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு புரதம் போடாததைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

"இத நீ எழுத வேண்டாம்" என்றார். அமைதியாகத்தான் சொன்னார்.

நான் எழுதவில்லை. இதைப் படிக்கிறவர்கள் துறைத் தலைவரை எவ்வளவு வேண்டுமானாலும் இகழலாம், நானும் இகழ்கிறேன். ஆனால் அன்றைய நோட்டில் ஒரு வரி குறைகிறது, அந்த நோட்டின் கையெழுத்து என்னுடையது. அப்பாவிடம் சொன்னேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். நாலு வருடம் போய்விட்டது, இன்னும் ஒரு கையெழுத்துத்தானே, அவர் சொல்கிறபடி கேட்டுவிட்டு வெளியே வந்துவிடு என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒன்று மட்டும் செய்தேன். பெட்டியில் இருந்த முகவரிக்கு, அந்தப் பெண் விஞ்ஞானிக்கு, ஒரு விமானத் தபால் எழுதினேன். யார்மீதும் குறை சொல்லவில்லை. இந்தப் புரதம் சூட்டில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு மாணவி சந்தேகம் கேட்பதுபோல எழுதினேன். வீட்டு முகவரியைப் போட தைரியமில்லாமல் கல்லூரி முகவரியைப் போட்டேன். அதனால் பதிலைத் துறைத் தலைவர்தான் முதலில் பிரித்தார்.

அந்த அம்மாள் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சில மணி நேரம்கூடத் தாங்காது, சூடாக வந்து சேர்ந்திருந்தால் தயங்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள் என்றிருந்தார். இதில் விலைமதிப்பற்றது எதுவும் இல்லை, எங்கள் பாக்டீரியா ஒரே நாளில் இதைக் குடுவை குடுவையாகச் செய்துவிடும், ஒரு வரி எழுதினால் இன்னொரு குழாய் அனுப்புகிறேன் என்றிருந்தார். கடைசியில் துறைத் தலைவரை அன்போடு விசாரித்திருந்தார். எங்கள் ஆய்வகத்தில் அவர் அளவுக்கு அழகாகக் குழாய்களில் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டியவர் வேறு யாரும் கிடையாது என்று பாராட்டியிருந்தார்.

துறைத் தலைவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, டைப்ரைட்டரைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். புரதம் மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது, இன்னொன்று தேவையில்லை, மாணவி அனுபவமில்லாமல் எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். புதிய குழாய் வந்தால் பழைய நீலம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தார் என்றுதான் அதுவரை அவருக்குச் சலுகை கொடுத்துவந்தேன். அன்றோடு அதுவும் போயிற்று. எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து, பணம் கொடுத்தவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒருவரை அனுப்பினார்கள். வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கைத்தறிச் சேலை, அதிகம் பேசாத முகம். துறைத் தலைவர் கருத்தரங்கக் கூடத்திலேயே செய்துகாட்ட ஏற்பாடு செய்தார். அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை வகுப்பிலிருந்து கூட்டிவந்து நிரப்பியிருந்தார்கள்.

அக்கா கழுவிய அலமாரிக் குழாய்களை எடுத்து நான் மேடையில் செய்தேன். மூன்று குழாயில் புரதம், மூன்று குழாயில் புரதமும் இலைச்சாறும். மருந்து சேர்த்ததும் ஆறும் நீலமாயின. பிள்ளைகள் கைதட்டினார்கள். துறைத் தலைவர் பேச எழுந்தார்.

பேராசிரியை கையைத் தூக்கினார். "புரதம் போடாத டியூப் எங்க இருக்கு?"

"அதெல்லாம் லேப்ல பல தடவ பாத்தாச்சு மேடம்" என்றார் துறைத் தலைவர்.

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். புரதம் போடாத ஏழாவது குழாய் ஒன்று, குழாய்களை நிறுத்தியிருந்த சட்டத்தின் பின்வரிசையில் இருந்தது. பழக்கத்தில் போட்டுவைத்தேன் என்று அன்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். பழக்கமாகத்தான் இருக்கும், அதைவிடப் பெரிய பெயர் எதுவும் அதற்கு வைக்க எனக்கு உரிமையில்லை.

"இருக்கு மேடம்" என்றேன். மருந்தை அதிலும் சேர்த்து முன்னால் எடுத்து வைத்தேன்.

நீலமாகிக்கொண்டே வந்தது. நல்ல நீலம். கூடத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பையன் இதற்கும் கைதட்டினான். பேராசிரியை பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

துறைத் தலைவர் முதலில் அக்காவைப் பிடித்தார். குழாய் கழுவத் தெரியாத பொம்பளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றார். கதவோரம் நின்றிருந்த அக்கா அங்கிருந்தபடியே பதில் சொன்னார்:

"ஆசிட்டு வாங்கித் தாங்கன்னு ரெண்டு மட்டம் எழுதிக் குடுத்தேன் சார். நீங்கதான் சோப்புத்தூளு போதும்னு கையெழுத்துப் போட்டிய."

அது எடுபடாது என்று தெரிந்ததும் அவர் இன்னொன்றைப் பிடித்தார். அது அவர் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு. தண்ணீரில்தான் கோளாறு என்றார். தாமிரபரணியில் மேலே ஊர் ஊராகச் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள், சாக்கடையைக் கலக்கிறார்கள், அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு உலகத்தரமான ஆராய்ச்சி செய்ய முடியுமா, நான் அங்கே இருந்தபோது தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார். நாங்கள் பயன்படுத்தியது காய்ச்சி வடித்த தண்ணீர். ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முன்வரிசையில் அண்ணாச்சி எழுந்து நின்றார். அதுவரை துறைத் தலைவரை அவர் சார் என்றுதான் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன்.

"என்ன வே பேசுதீரு? எங்க ஆத்துத் தண்ணியிலயா குத்தம்? இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான வே நீரும் வளந்தீரு?"

கூடம் முழுவதும் அவர் பக்கம் சாய்ந்தது. கல்லூரி முதல்வர் தலையை ஆட்டினார். சித்தர்களைப் பற்றிப் பேசியவர் எழுந்து, பொருநை புகழ் பாடும் செய்யுள் ஒன்றைத் தொடங்கினார். போலி ஆராய்ச்சியைப் பற்றி யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. கண்ணெதிரே ஏழு குழாய் நீலமாக நின்றது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆற்றைச் சொல்லிவிட்டானே என்பதுதான் எல்லாருக்கும் தாங்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆற்றில் குப்பை கொட்டாதவர்கள் என்று நான் எண்ணிப்பார்க்க முயன்றேன். முதல் வரிசையோடு நிறுத்திக்கொண்டேன்.

விசாரணைக்குழு ஒன்று போட்டார்கள். மூன்று பேர். ஒரு மாதம் உட்கார்ந்து விசாரித்து, ஆற்றுத் தண்ணீரை இரண்டு இடத்தில் எடுத்துப் பரிசோதித்து, தாமிரபரணித் தண்ணீர் தூய்மையானது என்று முடிவு சொன்னார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முதல்வர் அறையில் மாட்டினார்கள். புரதத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. துறைத் தலைவர் ஆற்றைப் பற்றிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதோடு அவர் கணக்குத் தீர்ந்தது. கவனக்குறைவு என்று அக்காவை மட்டும் விடுதிச் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அல்லது, பொறுத்தது போதும் என்று ஏதோ ஒன்று அப்போதுதான் நிரம்பியது. குழாய் கழுவியதில் குற்றம் இல்லை, நீலம் சோப்பினால் வருகிறது என்று துறைத் தலைவருக்கும் எனக்கும் ஆரம்பத்திலேயே தெரியும், மெட்ராஸிலேயே புரதம் கெட்டிருந்தது, இன்னொரு குழாய் அனுப்புகிறேன் என்று வந்த கடிதத்துக்கு வேண்டாம் என்று பதில் அடித்தது நான் என்று ஒரு பக்கம் எழுதிக் குழுவிடம் நேரில் கொடுத்தேன். வாங்கிய பேராசிரியர் படித்துவிட்டு, இது விசாரணை வரம்புக்குள் வராது என்று திருப்பித் தந்தார். மறுநாள் துறைத் தலைவர் என் வழிகாட்டிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டார். அது வரம்புக்குள் வந்தது.

விடுதிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். பெரிய அண்டா ஒன்றைச் சாய்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொடுத்ததையும் அது திரும்பி வந்ததையும் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆறு மாசத்துக்கு முன்னால சொல்லியிருக்கணும் பிள்ள" என்றார்.

அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன். தேய்த்து முடித்ததும் கவிழ்த்துவைத்துவிட்டு, உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வெயில் நேரம், அவ்வளவுதான்.

அந்தப் பேராசிரியைக்கு எழுதினேன். அவருடைய பல்கலைக்கழகத்தில் சேர இடம் கொடுத்தார். ஆனால் நாலு வருடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. நான் போனேன். அங்கே இரண்டாம் வருடம் அதே புரதத்தை நானே செய்தேன். பாக்டீரியாக் குடுவையைத் திறந்தால் வருகிற நாற்றத்தைப் பற்றி யாரும் எந்த விழாவிலும் பேசமாட்டார்கள். புரதம் போட்ட குழாய் நீலமாயிற்று. போடாத குழாய் தண்ணீராகவே நின்றது. அதைப் பார்த்தபோது எனக்குள் ஏதாவது நிகழும் என்று எதிர்பார்த்தேன். பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.

எங்கள் பழைய துறைத் தலைவர் அந்த நீலத்தைக் கட்டுரையாக எழுதிக் கல்லூரி வெளியிடும் ஆய்விதழில் அச்சடித்துவிட்டார். இலைச்சாறு புரதத்தின் வேலையைக் கூட்டுகிறது என்பது முடிவு. ஆசிரியர் பெயர்களில் என் பெயர் இரண்டாவது. எடுத்துவிடச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது: ஆய்விதழின் பிரதிகள் தீர்ந்துவிட்டன, வேண்டுமானால் நகல் எடுத்து அனுப்புகிறோம்.

பட்டம் முடித்ததும் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையைச் சேர்க்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் அந்த ஆய்விதழை எங்கிருந்தோ தேடிக் கையோடு கொண்டுவந்திருந்தார். இவ்வளவு நல்ல கட்டுரையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். அது சோப்புத்தூள் என்றேன். சிரித்தார்கள். தன்னடக்கம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது கேட்டது. இல்லை என்று சொல்லி, எழுந்து கரும்பலகைக்குப் போய், பாஸ்பேட் எங்கிருந்து வந்தது, ஒப்பீட்டுக் குழாய் எதற்கு என்று படம் போட்டு விளக்கினேன். நடுவில் இருந்தவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டுரையைக் கொண்டுவந்தவர் மட்டும் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்தது. நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்று குறிப்பு எழுதியிருந்தார்களாம். அழைக்கப்பட்டிருந்த இன்னொருவர் வரவேண்டிய ரயில் அன்று தாமதமாகி, அவர் நேர்காணலுக்கு வந்துசேரவே இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.